கதவு போட்ட சத்தம்

செங்கல் தூக்கிப் போடுவதற்கு ஒரு முறை உண்டு. கீழே நிற்கிறவர் இரண்டு கற்களைச் சேர்த்துப் பிடித்து, கையைப் பின்னால் கொண்டுபோய், தொடையை ஒட்டி வீசி மேலே விட வேண்டும். சாரத்தில் நிற்கிறவர் குனியவும் கூடாது, எட்டவும் கூடாது. கல் அவர் நெஞ்சுக்கு நேரே வந்து, இறங்கலாமா வேண்டாமா என்று ஒரு நொடி யோசிக்கும்போது அவர் எடுத்துக்கொள்ள வேண்டும். கொஞ்சம் பிசகினால் மேலே இருப்பவருக்குப் பல் போகும், கீழே இருப்பவருக்கு மண்டை போகும். பள்ளி விடுமுறையை எல்லாம் அவள் இப்படித்தான் கழித்தாள். மேலே நின்றவர் அவளுடைய அப்பா. கொத்தனார். அவர் வாயில் கடைசிவரை எல்லாப் பல்லும் இருந்தது.

பள்ளியில் குண்டு எறிந்து வாங்கிய சான்றிதழைக் காட்டி, விளையாட்டு ஒதுக்கீட்டில் கல்லூரியில் இடம் பிடித்தாள். கட்டடப் பொறியியல் படிப்பு, தங்க அறை, மூன்று வேளையும் சாப்பாடு. அணியில் பெயர் இருக்கும்வரை எதற்கும் கட்டணம் கிடையாது. பெயர் போனால் அறையும் போகும், படிப்பும் போகும். அப்பா இதைக் கேட்டுவிட்டு, கரண்டியில் காய்ந்துபோன சிமெண்டைச் சுரண்டிக்கொண்டே சொன்னார்: "கல்லு தூக்குறவ, கல்லை எங்க வைக்கணும்னு சொல்றவளா ஆகப்போற. போயிட்டு வாம்மா. பேரை எடுத்துட்டாங்கன்னா அங்கயே அழுதுகிட்டு நிக்காத. சாரம் எங்கயும் ஓடிப்போயிடாது."

அவர் ஆறுதலாகத்தான் சொன்னார். ஆனால் சாரம் எங்கும் ஓடிப்போகாது என்பதுதான் அவளுடைய பயமே.

கல்லூரியில் குண்டு எறிய ஏற்கெனவே ஆள் இருந்தது. சாஃப்ட்பால் அணிக்குத்தான் பந்து போட ஒருத்தியும் இல்லை. பெயரில்தான் மென்மை. பந்து கிரிக்கெட் பந்தைவிடப் பெரிது, பட்டால் வீங்கும். போடுகிறவள் தோளுக்கு மேலிருந்து எறியக் கூடாது. கையை முழு வட்டமாகச் சுழற்றி இடுப்புக்குக் கீழிருந்துதான் விட வேண்டும். பேட் பிடித்தவள் அடித்தால் மூன்று மூலைகளையும் சுற்றி ஓடிவந்து, அடித்த இடத்தையே, அதாவது வீட்டை, திரும்பத் தொட வேண்டும். அப்போது ஒரு ரன். வழியில் பந்தோடு யாராவது அவளைத் தொட்டுவிட்டால் அவுட். அவள் அடிக்காமல் விட்ட பந்தை, பின்னால் குந்தியிருக்கும் கேட்ச்சர் தோல் கையுறையில் பிடித்துக்கொள்ள வேண்டும். அவ்வளவுதான் ஆட்டம்.

புதிதாகச் சேர்ந்த பெண்களை வரிசையில் நிறுத்தி ஆளுக்கொரு பந்து போடச் சொன்னார் மாஸ்டர். தொப்பையும் விசிலும் அவருக்கு ஒன்றாகவே முளைத்தவை போல இருக்கும். பாதிப் பேருடைய பந்து புல்லில் உருண்டு பாதி வழியில் படுத்துக்கொண்டது. இவள் முறை வந்தபோது, பந்தைக் கையில் எடை பார்த்துவிட்டு, செங்கல்லைவிட லேசாக இருக்கிறதே சார் என்றாள். வரிசை முழுக்கச் சிரித்தது. போட்டாள். பின்னால் குந்தியிருந்த பெண் பந்தோடு சேர்ந்து மல்லாந்தாள். எழுந்து பின்பக்க மண்ணைத் தட்டிவிட்டுக்கொண்டு, "இதுவா லேசு? ஏண்டீ செங்கல், இன்னொண்ணு போடு பார்ப்போம்" என்றாள்.

அன்றோடு அவளுடைய சொந்தப் பெயரை எல்லாரும் மறந்தார்கள். மல்லாந்தவளுக்கும் சீக்கிரமே பெயர் கிடைத்தது. அவள் சந்தையில் மூட்டை தூக்குகிறவரின் மகள். உயரமும் அகலமும் ஏறக்குறைய ஒன்றுதான். அவளைத் தாண்டி ஒரு பந்தும் பின்னால் போகாது என்பதால் கதவு. அவளும் அதே ஒதுக்கீட்டில் வந்தவள்தான். விடுதி இருவரையும் மாடிப்படிக்குக் கீழே இருந்த சின்ன அறையில் போட்டது. படியில் யார் இறங்கினாலும் தலைமேல் இறங்குவது போலிருக்கும். யார் யார் என்று காலடியை வைத்தே கதவு சொல்லிவிடுவாள். அவளுக்குக் காது அப்படி.

இப்போது செங்கல்லுக்கு ஐம்பதை நெருங்குகிற வயது. தலையில் மஞ்சள் தொப்பி, கையில் சுருட்டிய வரைபடம், அவள் சொன்னால்தான் தளத்தில் கான்கிரீட் இறங்கும். கதவு ரயில் நிலையத்தில் டிக்கெட் கொடுக்கிறாள். இருவரும் தொலைபேசியில் பேசினால் பிள்ளைகள், மூட்டுவலி, மேலதிகாரி என்று எங்கெங்கோ சுற்றிவிட்டு, கடைசியில் அந்தப் படிக்கீழ் அறைக்குத்தான் வந்து சேருவார்கள். ஜன்னல் கம்பியில் எப்போதும் இரண்டு சட்டைகள் ஈரத்தோடு தொங்கும். தைல வாசனையும் தோல் வாசனையும் புத்தகம்வரை ஏறியிருக்கும். ஒரு பரீட்சைத் தாளைத் திருத்திய ஆசிரியை, இது விடைத்தாளா வைத்தியசாலைச் சீட்டா என்று கேட்டாளாம். இதை எத்தனை தடவை சொன்னாலும் இருவரும் முதல் தடவை கேட்பதுபோல் சிரிப்பார்கள்.

மூன்று வருஷம் செங்கல் ஆடிய ஆட்டத்தை அந்தப் பக்கத்துக் கல்லூரிகளில் யாரும் அதற்கு முன் பார்த்ததில்லை. அவள் கை சுழல்வது தெரியும், பந்து புறப்படுவது தெரியாது. கதவின் கையுறையில் சத்தம் கேட்ட பிறகுதான் பேட் பிடித்தவள் விழித்துக்கொள்வாள். முதல் வருஷம் பக்கத்து மைதானத்தில் ஓடிக்கொண்டிருந்தவர்கள் நின்று பார்த்தார்கள். இரண்டாம் வருஷம் ஊர் ஊராக ரயிலேறிப் போய், கோப்பையை மூட்டை முடிச்சோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு வந்தார்கள். மூன்றாம் வருஷம் செய்தித்தாளில் படம் வந்தது. அதில் முகம் இருந்த இடத்தில் சுழல்கிற கைதான் தெரிந்தது. அப்பா அதை வேலை நடந்த இடத்தில் எல்லாருக்கும் காட்டினாராம். முகம் எங்கே என்று மேஸ்திரி கேட்டதற்கு, முகத்தை யார் கேட்டது, கையைப் பார் என்றாராம்.

மாஸ்டருக்கு ஒரு வழக்கம் இருந்தது. பயிற்சியின்போது மைதானத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து வேறு வேலை பார்ப்பார். கையுறையில் பந்து விழுகிற சத்தத்தை வைத்தே வேகம் சொல்லுவார். "இது சாப்பிடாம போட்டது", "இது கோவத்துல போட்டது" என்பார். பெரும்பாலும் சரியாகவே இருக்கும். கண்ணை ஏமாற்றலாம், என் காதை ஏமாற்ற முடியாது என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வார். நல்ல மனிதர்தான். ஆனால் விதி என்றால் விதி. முந்தைய வருஷம் முழங்கால் போன ஒரு பெண்ணின் பெயரை எடுத்துவிட்டு, அவளுடைய பெட்டியை அவரே பேருந்துவரை தூக்கிக்கொண்டு போனார். வழியெல்லாம் கண்ணைத் துடைத்துக்கொண்டாராம். பெயரை மட்டும் திரும்பச் சேர்க்கவில்லை.

நான்காவது, கடைசி வருஷத்தின் தொடக்கத்தில் செங்கல்லின் தோள் போனது.

ஒரே நாளில் போகவில்லை. முதலில் தலை சீவும்போது இழுத்தது. பிறகு வாளி தூக்கும்போது. பிறகு சும்மா இருக்கும்போதே உள்ளே யாரோ உப்புத்தாள் வைத்துத் தேய்ப்பது போலிருந்தது. ஊருக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு அரசு மருத்துவமனை வரிசையில் நின்றாள். எலும்பு மருத்துவர் கையைத் தூக்கிப் பார்த்து, சுழற்றிப் பார்த்து, என்ன வேலை செய்கிறாய் என்று கேட்டார். சித்தாள் என்றாள். பொய் இல்லை. ஒரு வருஷத்துக்கு இந்தக் கையால் எதையும் வீசக் கூடாது, மீறினால் பிறகு சட்டை மாட்டவும் ஆள் தேவைப்படும் என்றார்.

அறைக்கு வந்து படுத்துக்கொண்டாள். கதவு அவளுடைய கட்டிலின் ஓரத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"எப்போ சொல்றதா இருக்க?"

"எதை?"

"முன்னெல்லாம் உன் பந்து கையைக் கடிக்கும். இப்போ வந்து உக்காருது. விருந்தாளி மாதிரி."

செங்கல் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். மாஸ்டருக்குத் தெரிந்துவிட்டதா என்று மட்டும் கேட்டாள். இன்னும் இல்லை, ஆனால் ரொம்ப நாள் ஆகாது என்றாள் கதவு. முதல் வருஷத்தில் நன்றாகப் பந்து போடுகிற ஒரு பெண் வந்திருக்கிறாள், அவளுக்கு விடுதியில் இடம் இல்லாமல் சித்தி வீட்டிலிருந்து வந்து போகிறாள் என்பது இருவருக்கும் தெரியும். இறுதி ஆட்டம் வருஷக் கடைசியில். அதற்குப் பிறகு பரீட்சை. அதுவரை பெயர் பட்டியலில் இருக்க வேண்டும். வேறு ஒன்றும் வேண்டாம். கோப்பைகூட வேண்டாம்.

மறுநாள் காலையில் கதவு தன் கையுறையை மடியில் வைத்து, சவர பிளேடால் தையலைப் பிரித்துக்கொண்டிருந்தாள். உள்ளங்கைப் பக்கம் அடைத்திருந்த பஞ்சை எல்லாம் பிடுங்கி எடுத்தாள். தோலுக்கும் கைக்கும் நடுவே ஒன்றும் இல்லாமல் செய்து, திரும்பத் தைத்தாள். பிறகு மைதானத்துக்குப் போய், போடுடீ என்றாள். மெதுவாகத்தான் வந்தது பந்து. கதவு அது வருகிற வழியில் கையைச் சும்மா வைக்காமல், கடைசி நொடியில் ஒரு அங்குலம் முன்னால் அடித்து வாங்கினாள். வெறும் தோலில் பந்து அறைந்த சத்தம் விடுதிச் சுவரில் பட்டுத் திரும்பி வந்தது. தூரத்தில் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்த மாஸ்டர், "ஆங், வயித்துக்கு ஏதோ போட்டுட்டு வந்திருக்கா இன்னைக்கு" என்றார்.

கதவின் உள்ளங்கை அன்று மாலையே சிவந்து உப்பியது. ஈரத்துணியைச் சுற்றிக்கொண்டு, எங்கப்பா முதுகைப் பார்த்திருக்கியா, அதுக்கு இது ஒண்ணும் இல்லை என்றாள்.

சத்தம் பந்துக்குப் பின்னால்தான் வரும். பயம் அடுத்த பந்துக்கு முன்னாலேயே வந்து நின்றுகொள்ளும். எதிரணிப் பெண்கள் செங்கல்லின் பெயரைக் கேள்விப்பட்டு வந்தவர்கள். காத்திருக்கும்போது அந்தச் சத்தத்தைக் கேட்பார்கள். தங்கள் முறை வந்ததும் பந்து வருவதற்குள் பேட்டை வீசிவிட்டு, காற்றை அடித்துவிட்டு, வேகம் தாங்கலை என்று சொல்லிக்கொண்டு போவார்கள். இல்லாத வேகத்துக்கு அவர்களே சாட்சி சொன்னார்கள். முன்னைவிட வேகம் கூடியிருக்கிறது என்று ஒரு செய்தியாளர் எழுதினார். அதைப் படித்துவிட்டு இருவரும் படிக்கீழ் அறையில் தலையணையைக் கடித்துக்கொண்டு சிரித்தார்கள். சிரிக்கும்போது ஒருத்திக்குத் தோள் வலித்தது. இன்னொருத்திக்குக் கை.

அப்படியே இறுதி ஆட்டம்வரை வந்துவிட்டார்கள்.

எதிரணியில் மெலிந்த பெண் ஒருத்தி இருந்தாள். பேட் அவளுடைய உயரத்துக்குப் பெரிதாக இருந்தது. செங்கல் முதல் பந்தைப் போட்டாள். கதவு வெளியூர் மைதானம் என்றும் பாராமல் ஓங்கி அறைந்து வாங்கினாள். பார்வையாளர் பக்கம் ஒருமுறை மூச்சு வாங்கியது. அந்தப் பெண் கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. இரண்டாவது பந்தைக் கடைக்காரர் தராசைப் பார்ப்பது மாதிரி வந்து சேரும்வரை பார்த்திருந்து, நிதானமாகத் தூக்கி அடித்தாள். பந்து வேலியில் போய் விழுந்தது. அடுத்த முறையும் அதேதான். ஊசி மாதிரி பார்க்கிறாளே என்றாள் செங்கல். அந்தப் பெயரையே வைத்துக்கொண்டார்கள்.

காரணத்தைக் கதவுதான் கண்டுபிடித்தாள். அம்பயர் சொல்லுவதை ஊசி கேட்பதில்லை, கையைப் பார்க்கிறாள். அவளைக் கூப்பிட வேண்டுமென்றால் அவளுடைய அணிப் பெண்கள் தோளைத் தட்டுகிறார்கள். கதவு பந்தைக் கொண்டுவந்து கொடுக்கிற சாக்கில் நடுமைதானத்துக்கு வந்தாள்.

"அவளுக்குக் காது கேக்காதுடீ."

செங்கல் ஊசி நின்ற பக்கம் திரும்பிப் பார்த்தாள். அந்த வருஷம் முழுக்கத் தன் பந்தை மட்டுமே பார்த்து ஆடிய ஒரே ஆள் ஊசிதான் என்று புரிந்தது. தன் கையின் நிஜமான வேகம் தெரிந்த மூன்றாவது ஆள்.

ஊசி சும்மா இருக்கவில்லை. இருக்க அவள் என்ன அசடா. தன் பக்கத்துப் பலகையில் உட்கார்ந்து கையால் பேசினாள். ஒரு உள்ளங்கையை இன்னொன்றில் அறைந்து காட்டி, இல்லை என்று விரலை ஆட்டினாள். காதைத் தொட்டுப் பொத்தினாள். கண்ணைத் தொட்டுத் திறந்தாள். அவர்களுடைய கேப்டனுக்கு மட்டும் அந்தக் கைப்பேச்சு தெரியும். அவள் முதலில் நம்பாமல் பார்த்தாள். பிறகு எழுந்து போய் முதலுதவிப் பெட்டியைத் திறந்தாள். அடுத்து ஆட வந்தவளின் காதில் வெள்ளையாக ஏதோ தெரிந்தது. அதற்கடுத்தவளுக்கும். வரிசையாக எல்லாரும் காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு வந்தார்கள்.

கதவு மறுபடியும் பந்தைக் கொடுக்க வந்தாள். "நான் பிடுங்கிப் போட்ட பஞ்செல்லாம் அவளுங்க காதுக்குப் போய்ச் சேந்துடுச்சுடீ."

செங்கல்லுக்குச் சிரிப்பு வந்தது. அழுகையும் வந்தது. அதன் பிறகு அடி விழ ஆரம்பித்தது. அவர்கள் காத்திருந்து அடித்தார்கள். முதல் பாதியில் இவர்கள் சேர்த்து வைத்திருந்த ரன்கள் ஒவ்வொன்றாகக் கரைந்தன. மாஸ்டர் எழுந்து நின்றுவிட்டார். அன்றைக்கு அவர் மைதானத்துக்கு முதுகைக் காட்டவில்லை. ஆனால் ஆட்டம் நடக்கும்போது பந்து போடுகிறவளை மாற்ற அவருக்கு மனசு வரவில்லை. காது அவருக்கு ஒன்று சொன்னது, கண் வேறொன்று சொன்னது. அவர் காதை நம்பிப் பழகியவர்.

கடைசிச் சுற்று. இவர்கள் இரண்டு ரன் முன்னால். எதிரணியில் இரண்டு பேர் அவுட். இன்னும் ஒருத்தி அவுட்டானால் ஆட்டம் முடிந்துவிடும், ரகசியமும் பத்திரமாக ஊர் போய்ச் சேரும். பேட்டோடு வந்து நின்றவள் ஊசி.

மாஸ்டர் வெளியிலிருந்து கையை அகலமாக வீசிக் காட்டினார். எட்டாத தூரத்தில் நான்கு பந்து போடு, அவள் சும்மாவே முதல் மூலைக்கு நடந்து போகட்டும் என்று அர்த்தம். விதி அதற்கு இடம் தருகிறது. செங்கல் தலையை ஆட்டி மறுத்தாள். கதவு முகமூடியைத் தலைமேல் தூக்கிவிட்டுக்கொண்டு வந்தாள்.

"என்ன ஆச்சு உனக்கு?"

"இவளுக்கு மட்டும் போட்டுப் பாக்கறேன். எல்லாரும் சத்தத்தோட ஆடுனாங்க. இவ ஒருத்திதான் என்கூட ஆடுறா."

"சரி. அடிச்சுட்டா?"

"அடிக்கட்டும்."

"அடிச்சு, தோத்து, மாஸ்டர் உன் கையைப் புடிச்சுப் பாத்து, சாயந்தரம் பெட்டியைத் தூக்கிட்டு வருவாரு. அழுதுகிட்டே வருவாரு. உனக்கு சீட்டு வேணுமா, ரோஷம் வேணுமா?"

"ரெண்டும்."

"ரெண்டும் விக்கிற கடையைச் சாத்தி ரொம்ப நாளாச்சு." கதவு பந்தை அவளுடைய கையில் வைத்து, விரல்களை மூடிவிட்டாள். மூடும்போதுதான் செங்கல் பார்த்தாள். கதவின் இடது ஆள்காட்டி விரல் கையுறைக்கு வெளியே ஊதாவாக வீங்கி, வேறு யாருடையதோ போல இருந்தது.

நான்கு பந்தையும் அகலமாகப் போட்டாள். பார்வையாளர்கள் கூச்சலிட்டார்கள். பயந்தாங்கொள்ளி என்றார்கள். அதில் மூன்று வருஷம் அவள் பெயரைச் சொல்லிக் கத்திய சொந்தக் கல்லூரி வாய்களும் இருந்தன. ஊசி பேட்டைக் கீழே வைத்துவிட்டு மெதுவாக முதல் மூலைக்கு நடந்தாள். கோபப்படவில்லை. போகிற வழியெல்லாம் செங்கல்லையே பார்த்துக்கொண்டு போனாள். அந்தப் பார்வைக்கு முன்னால் கூச்சல் ஒன்றுமே இல்லை.

அடுத்து வந்தவள் அவர்களுடைய கேப்டன். திடகாத்திரமான பெண். இரண்டு காதிலும் பஞ்சு. செங்கல்லின் கையில் மிச்சமிருந்த எல்லாவற்றையும் சேர்த்துப் போட்ட பந்து அது. உள்ளே ஏதோ அறுந்தது. கதவின் சத்தத்துக்கு வேலையே வரவில்லை. கேப்டன் நடுவழியிலேயே அடித்துவிட்டாள். பந்து வேலிக்குக் கீழே போய் உருண்டது.

ஊசி முதல் மூலையிலிருந்து புறப்பட்டாள். ஓடும்போதே தலையைத் தூக்கித் தன் அணியின் பயிற்சியாளருடைய கையைப் பார்த்தாள். ஓடு என்றது கை. ஓடினாள். இரண்டாவது, மூன்றாவது, வீடு. ஒரு ரன். இன்னும் ஒரே ஒரு ரன்தான் வித்தியாசம். பின்னால் கேப்டன் வந்துகொண்டிருந்தாள். அதற்குள் வேலியோரத்துப் பெண் பந்தை எடுத்து நடுவில் நின்றவளுக்கு எறிந்துவிட்டாள். மூன்றாவது மூலையில் நின்ற பயிற்சியாளர் இரண்டு கையையும் விரித்து, நில்லு, நில்லு என்று தொண்டை கிழியக் கத்தினார். பலகையில் இருந்தவர்கள் எழுந்து கத்தினார்கள். மைதானமே கத்தியது. கேப்டன் தலையைக் குனிந்துகொண்டு, காளை மாதிரி ஓடினாள்.

கேளாமல் வாழப் பழகியவள் கையைப் பார்ப்பாள். அன்றைக்கு மட்டும் காதை அடைத்துக்கொண்டவளுக்கு அந்தப் பழக்கம் ஏது? மூன்றாவது மூலையை மிதித்துவிட்டு நேராக வீட்டுக்கு வந்தாள். அங்கே கதவு பந்தோடு குந்தியிருந்தாள். பந்து அவளுக்கு முன்பே வந்துவிட்டது. கேப்டன் வந்த வேகத்தில் கதவின் மேல் விழுந்தாள். இருவரும் புரண்டார்கள். புழுதி அடங்கியதும் கதவின் இடது கை மட்டும் மேலே தெரிந்தது. ஆள்காட்டி விரல் வளைந்து தொங்கியது. கையுறையில் பந்து இருந்தது.

அவுட் என்று அம்பயர் கட்டைவிரலை உயர்த்தினார். கேப்டன் எழுந்து, என்ன என்று எல்லாரையும் பார்த்தாள். பிறகு மெதுவாகக் காதிலிருந்து பஞ்சை எடுத்தாள்.

இவர்களுடைய பெண்கள் செங்கல்லைத் தூக்க ஓடிவந்தார்கள். வேண்டாம் வேண்டாம் என்று அவள் வலது பக்கத்தைக் காத்துக்கொண்டு விலகினாள். வெட்கப்படுகிறாள் என்று நினைத்துக்கொண்டார்கள். ஊசி மட்டும் கூட்டத்துக்குள் நுழைந்து வந்தாள். செங்கல்லின் வலது தோளை இரண்டு விரலால், சூடு பார்ப்பது போல் தொட்டாள். பிறகு தன் இரண்டு உள்ளங்கைகளையும் சேர்த்துக் கன்னத்தில் வைத்துத் தலையைச் சாய்த்துக் காட்டினாள். தூங்க வை. செங்கல் தலையாட்டினாள். அந்த வருஷத்தில் அவளுடைய தோளுக்காக மைதானத்தில் யாராவது காட்டிய ஒரே அக்கறை அதுதான். எதிரணிக்காரி காட்டினாள்.

கதவின் விரல் எப்படி உடைந்தது என்று யாரும் கேட்கவில்லை. மைதானமே பார்த்திருந்தது. அது ஏற்கெனவே பாதி உடைந்திருந்தது என்பது கதவுக்கும் செங்கல்லுக்கும் மட்டும் தெரியும். இடது கை என்பதால் பரீட்சை எழுத இடைஞ்சல் இல்லை.

பரீட்சைக்குச் சில வாரம் இருக்கும்போது மாஸ்டர் செங்கல்லை அறைக்குக் கூப்பிட்டார். அவருடைய மேசைமேல் ஒரு கடிதம் இருந்தது. நாட்டு அணிக்கான பயிற்சி முகாமுக்கு அவளைக் கூப்பிட்டிருந்தார்கள். அதற்கு முன் அந்தக் கல்லூரியிலிருந்து ஒருத்தியும் அப்படிப் போனதில்லை. மாஸ்டர் அன்றைக்கு இஸ்திரி போட்ட சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தார்.

முகாமில் முதல் வேலையாக மருத்துவர் கையைத்தான் பார்ப்பார். பார்த்ததைக் கல்லூரிக்கு எழுதுவார்கள். அப்புறம் மாஸ்டர் தன் விதிப்படி நடந்துகொள்வார். செங்கல் நின்ற இடத்திலேயே இதையெல்லாம் யோசித்து முடித்தாள். எத்தனையோ நாள் கனவில் அந்தக் கடிதம் வந்திருக்கிறது. கனவில் வரும்போது அவளுக்குக் கை இருந்தது.

"நான் போகலை சார்."

அவர் சரியாகக் கேட்கவில்லை என்று நினைத்தார். மறுபடி சொன்னாள். பரீட்சை இருக்கிறது என்றாள்.

"பரீட்சை அடுத்த வருஷமும் வரும். இது வருமா?"

அவர் கெஞ்சினார், திட்டினார், அப்பாவை வரச் சொல்லட்டுமா என்றார். அவள் சுவரில் மாட்டியிருந்த அணிப் புகைப்படத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். கடைசியில் விசிலைக் கழற்றி மேசையில் போட்டுவிட்டு, "திமிரு. உடம்பெல்லாம் திமிரு. போ" என்றார். பட்டியலில் இருந்து பெயரை எடுக்கவில்லை. கை போனவளை எடுக்கத்தான் விதி இருந்தது. திமிருக்கு விதி எழுதி வைக்கவில்லை.

பரீட்சை எழுதினாள். எழுதுவதற்குத் தோள் தேவைப்படவில்லை. முழங்கைக்குக் கீழே எல்லாம் சரியாக இருந்தது. தேறினாள்.

விடுதியைக் காலி செய்த அன்று, போவதற்கு முன் மாஸ்டரிடம் உள்ளதைச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தாள். இனி சொன்னால் என்ன, பெயரை எடுத்தால் என்ன. நான்கு வருஷம் அவர் வாங்கிக் கொடுத்த பனியனை அவள் போட்டிருக்கிறாள். அந்த மனிதர் தன்னை நன்றி கெட்டவள் என்று நினைத்துக்கொண்டே இருப்பது அவளுக்கு உறுத்தியது. கதவு கூடவே வந்தாள், விரலில் கட்டோடு. சொல்லுவதென்றால் என் பங்கையும் சேர்த்துச் சொல்லு என்றாள்.

மாஸ்டர் மைதானத்தில் இருந்தார். சித்தி வீட்டிலிருந்து வந்து போன பெண்ணும் இன்னும் நாலைந்து புதியவர்களும் அவரைச் சுற்றிப் புல்லில் உட்கார்ந்திருந்தார்கள். அவர் எதையோ சுவாரஸ்யமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். செங்கல் வேலிக்கு இந்தப் பக்கமே நின்றாள்.

"நாட்டுக்கே ஆடியிருக்க வேண்டியவ," என்று சொல்லிக்கொண்டிருந்தார் மாஸ்டர். "கடைசி வருஷம் அந்தப் பந்து விழுந்த சத்தத்தை நான் இன்னும் காதுல வெச்சிருக்கேன். முதல் வருஷத்தைவிட வேகம். கூப்பிட்டாங்க, வரமாட்டேன்னுட்டா. கை எல்லாம் கடவுள் குடுத்தது, தலை மட்டும் அவளோடது. அந்தத் திமிரு இல்லேன்னா... விடுங்க. அவளை மாதிரி ஒரு கை இனிமே வராது."

புதிய பெண்கள் வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவர் முகத்தில் கோபம் இருந்தது, அதைவிட அதிகமாகப் பெருமை இருந்தது.

கதவு முழங்கையால் இடித்தாள். "போடீ. போய்ச் சொல்லு."

செங்கல் யோசித்துப் பார்த்தாள். உண்மையைச் சொன்னால் மாஸ்டருக்கு அவள்மேல் இருக்கிற கோபம் போய்விடும். அந்த வருஷத்தின் வேகமும் சேர்ந்து போய்விடும். தான் காதால் ஏமாந்த கதைதான் அவரிடம் மிச்சமிருக்கும். இந்தக் கதையில் அவள் திமிர் பிடித்தவளாக இருந்தாலும், தோள் முழுசாக இருந்தது. யாராவது ஒருவரிடமாவது அது முழுசாக இருக்கட்டும் என்று தோன்றியது.

"வா போகலாம்" என்றாள்.

"ஏன்?"

"அவர் சொல்றது நல்லாருக்கு."

பெட்டியை இடது கையில் மாற்றிக்கொண்டு பேருந்து நிறுத்தத்துக்கு நடந்தாள். கதவும் தன் பெட்டியை வலது கையில் தூக்கிக்கொண்டு பக்கத்தில் நடந்தாள். ஆளுக்கு ஒரு நல்ல கை இருந்தது.